வத்தல்மலையில் ஒரு மழை இரவு, மூன்று டென்ட்டுகள்: நிகழ்வு ஆய்வு

ஐப்பசி முதல் வாரச் சனிக்கிழமை. ஓசூர் ஆலைகளில் வேலை பார்க்கும் நான்கு நண்பர்கள் வத்தல்மலையில் தெரிந்தவர் ஒருவரின் பட்டா நிலத்தில் டென்ட் போட்டுத் தங்கினார்கள். இரவு ஒன்பதரைக்கு இடியோடு பிடித்த மழை இரண்டு மணி வரை விடவில்லை. கொண்டுபோன மூன்று டென்ட்டில் ஒன்று உடைந்தது, ஒன்று சரிந்தது, ஒன்று நின்றது. நின்றதற்குள்ளும் தண்ணீர். இருவர் படுக்கும் அந்த ஒரே டென்ட்டில் நால்வரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் அடிபடவில்லை.

திங்கட்கிழமை மூன்றும் ஈரச் சாக்கில் கட்டி என் கடைக்கு வந்தன. தருமபுரியில் லாரித் தார்ப்பாய், பந்தல் துணி, ரெக்சின் தைக்கும் கடை. நானும் மலை ஏறுகிறவன் என்பது அவர்களுக்குத் தெரியும். "தைக்கிறது இருக்கட்டும்ணா. எதை வச்சுக்கிறது, எதைத் தூக்கிப் போடறது, அடுத்து எதை வாங்கறது? அதைச் சொல்லுங்க" என்றார்கள். நால்வரிடமும் தனித்தனியாகக் கேட்டேன், துணிகளை விரித்துப் பார்த்தேன், அந்த நிலத்தையும் போய்ப் பார்த்தேன். டென்ட்டுகளின் கம்பெனிப் பெயர்கள் இங்கே தேவையில்லை. அவற்றின் கட்டமைப்பைப் பற்றித்தான் பேச்சு.

இடமும் மழையும்

வத்தல்மலை தருமபுரிக்குப் பக்கத்தில், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காபி, மிளகு, நிழலுக்கு சில்வர் ஓக், திறந்த கொல்லைகளில் சாமையும் ராகியும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குளிர் கூடும் என்பது பொதுக்கணக்கு. தருமபுரி நகரமே 450 மீட்டருக்கு மேல் என்பதால் இங்கே மூன்று, நான்கு டிகிரி வித்தியாசம்தான். ஆனால் நனைந்த உடம்புக்கு அந்த நான்கு டிகிரி பெரிது.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களுக்கும் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் புரட்டாசி, ஐப்பசி மாலைகளில் இடிமழை. பகலெல்லாம் வெயில் காயும், நான்கு மணிக்கு மேகம் திரளும், இருட்டியதும் கொட்டும். இந்த மழை வரும்போது முதலில் காற்று வரும். மேகத்திலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்று தரையில் மோதி நாலாபுறமும் விரிவதுதான் அது. சாயங்காலம் காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தது என்று பார்த்து டென்ட்டின் முதுகை அந்தப் பக்கம் திருப்பி வைப்பது நம் ஊர் இடிமழையில் உதவாது. அன்றும் மாலைக் காற்று மேற்கிலிருந்து. இரவு அடித்தது கிழக்கிலிருந்து.

மழை எவ்வளவு? வெளியே விட்டிருந்த நேர்ச்சுவர் பெயின்ட் டப்பாவில் காலையில் ஏழு செ.மீ. தண்ணீர். வானிலைத் துறை கனமழை என்று சொல்வது 24 மணி நேரத்தில் 6.45 செ.மீ.யிலிருந்து. ஆக, கனமழைதான்; அதற்குமேல் இல்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் நம் பக்கம் வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியதே, அது வேறு சங்கதி. அதற்கு எந்த டென்ட்டிலும் விடை கிடையாது, வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

காற்றை அளக்க ஆளில்லை. காலையில் தோட்டத்தில் சின்னக் கிளைகள் ஒடிந்து கிடந்தன. மரம், கிளைகளின் நிலையைப் பார்த்துக் காற்றின் வேகத்தைக் கணிக்கும் பியூஃபோர்ட் அளவுகோலில் அது எட்டாம் நிலை, மணிக்கு 62 முதல் 74 கி.மீ. ஆனால் சில்வர் ஓக் சட்டென்று முறியும் மரம். ஒரு படி குறைத்து, வீச்சு வந்தபோது 60 கி.மீ. அளவு என்று வைத்துக்கொண்டேன்.

கொண்டுபோனவை

முதலாவது, இணையத்தில் ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கும் ரகம். 'நான்கு பேர்' என்று அட்டையில் போட்டிருக்கும், இரண்டு பேர் படுக்கலாம். ஃபைபர் கம்பி இரண்டு, உச்சியை மட்டும் மூடும் தொப்பித் துணி, கீழே பிளாஸ்டிக் தரை. எடை 2.6 கிலோ.

இரண்டாவது, நால்வரில் எடைப் பைத்தியம் பிடித்தவருடையது. சிலிக்கான் பூசிய நைலான், ஒற்றைச் சுவர் (உள்கூடு இல்லாமல் ஒரே அடுக்குத் துணி), தனிக் கம்பி கிடையாது. நடைக்கோலை நட்டு, சுற்றிலும் ஆறு முளை அடித்து இழுத்துக் கட்டினால் நிற்கும். கோலை விட்டுவிட்டால் 950 கிராம். ஊரிலிருந்து கிளம்பும்போது மற்ற மூவரும் அதைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்துப் பொறாமைப்பட்டார்களாம்.

மூன்றாவது, அலுமினியக் கம்பி, வலைத்துணி உள்கூடு, அதன்மேல் தரைவரை இறங்கும் முழு மேல்துணி. இருவருக்கானது. 2.1 கிலோ.

நிலத்துக்காரப் பெரியவர் மாலையிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். மூன்றாவது டென்ட்டைக் கொல்லையின் கீழ் வரப்போரம் மெத்தென்று இருந்த இடத்தில் விரித்ததைப் பார்த்து, "தம்பி, அங்க ஏன் மண்ணு மெத்துனு இருக்குதுன்னா, மேல இருந்து தண்ணி இழுத்துட்டு வந்து போட்ட மண்ணு அது. மேல ஏத்திப் போட்டுக்கங்க" என்றாராம். "மழை வர்றாப்ல இல்லைங்கய்யா" என்று இவர்கள் சொல்ல, அவர் மேலே பேசவில்லை.

அந்த வரப்புக்கு மேலே ஏறத்தாழ பத்து சென்ட் சரிவு இருக்கிறது. ஒரு சென்ட் 40 சதுர மீட்டர் என்றால் பத்து சென்ட் 400. அதில் ஏழு செ.மீ. மழை என்பது 28,000 லிட்டர். பாதி மண்ணில் இறங்கிவிட்டது என்றாலும் மிச்சம் இரண்டு லாரித் தண்ணீர், அந்த வரப்போரம் வழியாகத்தான் போயாக வேண்டும். டென்ட்டின் தலையில் விழுந்த மழை இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை: ஆறு சதுர மீட்டர் கூரைக்கு 420 லிட்டர்.

துணியைச் சோதித்தது

நால்வருமே கடையில் முதலில் கேட்டது, "வாட்டர்ப்ரூஃப் போயிடுச்சாண்ணா?" என்றுதான். அதனால் அதையே முதலில் பார்த்தேன்.

அட்டையில் 1500, 2000, 3000 என்று மில்லிமீட்டரில் ஓர் எண் போடுவார்கள். துணியின்மேல் அத்தனை உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் கசியாது என்பது அதன் பொருள். இதைச் சோதிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு அங்குல பி.வி.சி. பைப் பத்தடி வாங்கி, ஒரு முனையில் துணியை இழுத்துப் போர்த்தி, ரப்பர் வளையம் வைத்து ஹோஸ் கிளிப்பால் முறுக்கினேன். பைப்பை மாடிப்படி ஓரமாக நிறுத்தி, மேலிருந்து டம்ளர் டம்ளராகத் தண்ணீர். பைப் நிரம்ப ஒன்றரை லிட்டர்தான் பிடிக்கும். குழாய் ஒல்லியாக இருந்தாலும் அழுத்தம் குறையாது, உயரம்தான் கணக்கு. கீழே கண்ணை வைத்துக்கொண்டிருந்தால் எந்த உயரத்தில் முதல் முத்து அரும்புகிறது என்று தெரியும். வழக்கமான ஆய்வில் மூன்று சொட்டு தோன்றும் உயரத்தைத்தான் குறிப்பார்கள்.

ஆயிரத்துச் சொச்ச டென்ட்டின் தொப்பித் துணி நாலேகால் அடி வரை தாங்கியது, அதாவது 1300 மி.மீ. மழைக்கு அது போதும். நைலான் ஐந்தரை அடி. மூன்றாவதன் மேல்துணி ஆறடிக்கு மேல், அதன் தரைத்துணி பத்தடியிலும் கசியவில்லை. மூன்றில் எதிலும் துணி தோற்கவில்லை. தோற்றவை வேறு இடங்கள்.

முதல் டென்ட்: கட்டாத கயிறு

சாக்கைக் கொட்டியதும் முதலில் கண்ணில் பட்டது, ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டியபடியே இருந்த நான்கு இழுகயிறுகள். வாங்கி வந்த நாளிலிருந்து பிரிக்கவே இல்லை. குறுக்குக் கம்பி இரண்டும் வளைந்து தானே நின்றுவிடுகிறதே, கயிறு எதற்கு என்று நினைத்திருக்கிறார்கள். தானே நிற்பது வேறு, காற்றில் நிற்பது வேறு.

காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கமாகக் கூடும். 40 கி.மீ. வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏழரைக் கிலோ எடை சாய்வது போன்ற விசை, 60 கி.மீ.யில் அதுவே 17 கிலோ. வேகம் ஒன்றரை மடங்கு, விசை இரண்டேகால் மடங்கு. பக்கச்சுவர் இரண்டு சதுர மீட்டர் என்றால் 34 கிலோ. ஒரு சிமென்ட் மூட்டையில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு, ஆணித் தடிமனுள்ள ஒரு ஃபைபர் கம்பிமேல்.

கம்பி உடைந்தது நடுவில் அல்ல. ஒரு துண்டும் அடுத்த துண்டும் சேரும் இரும்புக் குப்பியின் வாயில். ஃபைபர் அங்கே நீளவாக்கில் நார் நாராகப் பிளந்து, தென்னை ஈர்க்குக் கட்டை அவிழ்த்து விட்டது மாதிரி விரிந்து, உறைத்துணியைக் குத்திக் கிழித்திருந்தது. எல்லா வளைவும் குப்பியின் விளிம்பில் போய்ச் சேர்வதால் ஃபைபர் கம்பி அநேகமாக அங்கேதான் போகும். அலுமினியக் கம்பி அளவு மீறினால் பெரும்பாலும் முதலில் வளைந்துவிடும். வளைந்ததை மெல்ல நிமிர்த்தி அந்த ராத்திரியை ஓட்டிவிடலாம். பிளந்த ஃபைபரை ஒன்றும் செய்ய முடியாது, ஒரு குச்சியை வைத்து இன்சுலேஷன் டேப் சுற்றுவதைத் தவிர.

அது உடைவதற்கு முன்பே உள்ளே இருந்த இருவரும் நனைந்துவிட்டார்கள். தொப்பித் துணிக்குக் கீழே இருக்கும் பக்கச்சுவர் பூச்சில்லாத வெறும் பாலியெஸ்டர். நேராக விழும் மழைக்குத் தொப்பி போதும். சாய்ந்து வரும் மழைக்குச் சுவர் சல்லடைதான். தரையும் சுவரும் சேரும் மூலையில் தையல்மேல் டேப் ஒட்டவில்லை. ஊசி குத்திய ஒவ்வொரு துளையும் ஒரு வாய். தார்ப்பாய் தைக்கிறவனுக்கு இது புதிதல்ல. பாய் ஒழுகுகிறது என்று கொண்டுவரும் லாரிக்காரர்களில் பாதிப்பேருக்கு ஒழுகுவது தையலில்தான்.

இந்த டென்ட்டுக்கு என் தீர்ப்பு: மாடியில் பிள்ளைகள் விளையாட வைத்துக்கொள்ளலாம். மலைக்கு வேண்டாம். செலவு செய்து சரிபண்ணவும் வேண்டாம்.

இரண்டாவது டென்ட்: முப்பத்தாறு கிராம்

இதைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன், ஏனென்றால் இது மோசமான பொருள் இல்லை. தையல் சுத்தம், துணி அருமை, வடிவமும் யோசித்துச் செய்தது. மணி பத்தரைக்குச் சரிந்துவிட்டது.

அதன்கூட வந்த முளைகள் மெல்லிய டைட்டானியக் கொக்கி, ஒன்று ஆறு கிராம். ஆறும் சேர்ந்து 36 கிராம். புல்தரையில், ஆழமான மண்ணில் இவை பிடிக்கும். நிலத்தைப் போய்ப் பார்த்தபோது டென்ட் போட்ட இடத்தில் ஒரு கம்பியை இறக்கினேன். ஒரு சாண் போவதற்குள் 'டக்' என்று பாறை. தருமபுரி, கிருஷ்ணகிரி மலைகளில் பல இடம் இப்படித்தான், மேலே செம்மண் போர்வை, கீழே கருங்கல். வழுவழுப்பான கொக்கி நான்கு விரல் மண்ணில் எதைப் பிடித்துக்கொள்ளும்?

ஆனாலும் வெறும் முளையைக் குறை சொல்வதோடு விட முடியாது. அந்த நண்பர் சொன்ன வரிசை இது: மழை தொடங்கிக் கால்மணி நேரத்தில் சுவர் தொய்ந்து முகத்துக்குப் பக்கத்தில் வந்தது, பிறகு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது, பிறகு காலடி மூலை முளை போயிற்று, அடுத்த நிமிஷம் எல்லாமே மேலே விழுந்தது. வரிசை பொருந்துகிறது. நைலான் நார் தண்ணீரை இழுக்கும், இழுத்தால் நீளும். சிலிக்கான் பூச்சு துணிக்குள் தண்ணீர் புகாமல் தடுக்குமே தவிர, நார் ஈரம் குடிப்பதை முழுக்கத் தடுக்காது. நீண்ட துணி தொய்யும். தொய்ந்த துணியைக் காற்று உதறும். உதறும்போது முளைக்கு விழுவது நிதானமான இழுப்பு அல்ல, வெடுக் வெடுக்கென்ற சுண்டல். நனைந்து குழைந்த செம்மண்ணில் அந்தச் சுண்டலுக்கு முளை மெல்ல மெல்ல மேலே வரும். கம்பி இல்லாத டென்ட்டில் ஒரு மூலை போனால் கோலுக்கு எதிர்ப்பிடி இல்லை, கோல் சாயும். மழை தொடங்கி அரைமணி கழித்து ஒருமுறை வெளியே வந்து ஆறு கயிற்றையும் மறுபடி இழுத்துக் கட்டியிருந்தால் அன்றிரவு அது நின்றிருக்கவும் கூடும். கொட்டுகிற மழையில், இடியில், யார் வெளியே வருவார்கள்?

பாலியெஸ்டரில் இந்தத் தொல்லை மிகக் குறைவு, ஏனென்றால் அது தண்ணீரை அவ்வளவாக இழுப்பதில்லை. வெயிலையும் நைலானைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஒரே எடையில் நைலானுக்குக் கிழிசல் தாங்கும் வலு அதிகம் என்பது உண்மைதான். நம் ஊர் மழைக்கு நான் பாலியெஸ்டர் மேல்துணியையே சொல்வேன்.

ஒற்றைச் சுவரின் இன்னொரு சங்கடம் ஈரம். தூங்கும் ஒருவர் மூச்சிலும் தோலிலும் ஓர் இரவில் கால் லிட்டர் அளவுக்கு ஈரத்தை வெளியே விடுகிறார். மழை நின்று மேகம் விலகியதும் டென்ட்டின் மேல்துணி வெட்டவெளிக்குத் தன் சூட்டை விட்டு, சுற்றியிருக்கும் காற்றையும்விடக் குளிர்ந்துவிடும். உள்ளே இருக்கும் ஈரம் அதன் அடிப்பக்கத்தில் படிந்து சொட்டும். மூன்றாவது டென்ட்டில் நால்வர் அடைந்துகொண்டபோது நான்கு மணிக்கு 'மேலே ஒழுகுது' என்று சொன்னது இதைத்தான். மழை நின்று இரண்டு மணி நேரம் ஆன பிறகு கூரை எப்படி ஒழுகும்? தையல் கோட்டில் மட்டும் சொட்டினால் ஒழுக்கு. துணி முழுக்கப் பனி பூத்தது போல இருந்து, கை பட்டதும் வழிந்தால் அது நம் மூச்சு. இரட்டைச் சுவரில் அந்தச் சொட்டு வெளித்துணியின் உட்புறமாக வழிந்து தரைக்குப் போய்விடும், வலைத்துணி நடுவில் இருப்பதால் படுக்கையில் விழுவது குறைவு. ஒற்றைச் சுவரில் முழங்கை பட்ட இடமெல்லாம் நனையும்.

மூன்றாவது டென்ட்: பேனர்

நின்றது இதுதான். கம்பிகள் அலுமினியம், இழுகயிறு ஆறும் கட்டப்பட்டிருந்தன, வரப்போரத்து வண்டல் மண்ணில் முளையும் ஆழமாக இறங்கியிருந்தது. பெரியவர் வேண்டாம் என்ற இடம் முளைக்கு நல்லதாகவும் தண்ணீருக்குக் கெட்டதாகவும் அமைந்தது வேடிக்கைதான்.

தண்ணீர் வந்த வழி கீழே. தரைத்துணியை முள் குத்தாமல் காக்க அடியில் பழைய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றை விரித்திருக்கிறார்கள். ஏதோ ஒரு தலைவரின் பிறந்தநாள் வாழ்த்து. டென்ட்டைவிட நான்கு விரல் சுற்றிலும் பெரிது. மேல்துணியில் வழிந்த தண்ணீர் அந்த நான்கு விரல் பேனரில் விழுந்து, பேனருக்கும் தரைத்துணிக்கும் நடுவே ஓடித் தேங்கியது. அடிவிரிப்பு எப்போதும் தரையைவிட இரண்டு அங்குலம் உள்ளடங்கி இருக்க வேண்டும், வெளியே ஒரு விரல்கூட நீளக் கூடாது.

தேங்கினாலும் பத்தடி தாங்கும் தரைத்துணி எப்படி விட்டது? ஒரு சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ அழுத்தம் என்பது பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமம். 65 கிலோ ஆள் மண்டியிட்டால், முட்டி இரண்டும் தரையைத் தொடும் பரப்பு நூறு சதுர செ.மீ. என்று வைத்தாலும், அழுத்தம் 6500 மி.மீ. என் பைப்பின் இரண்டு மடங்குக்கு மேல். நால்வர் குத்தவைத்தும் மண்டியிட்டும் விடியும்வரை இருந்த டென்ட் அது. பாயில் படுத்திருந்தால் எடை பரவும், தரை தாங்கியிருக்கும். 5000, 10,000 என்று தரைத்துணிக்குப் பெரிய எண் தேடி எடையைக் கூட்டுவதைவிட, அடியில் தண்ணீர் நிற்காத இடத்தில் போடுவது நல்லது.

பேனரின் எடையையும் போட்டுப் பார்த்தேன். தராசில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 950 கிராமில் ஒரு டென்ட்டையே ஒருவர் சுமக்கிற குழுவில், இன்னொருவர் அதே எடைக்கு வாழ்த்துப் பேனரைச் சுமந்திருக்கிறார்! இராயக்கோட்டை, ஓசூர் பக்கம் தக்காளிக்கும் குடைமிளகாய்க்கும் போடும் மல்ச்சிங் ஷீட், அதாவது மண்ணை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பு, நாலடி அகலத்தில் கிடைக்கும். 25 மைக்ரான் ஷீட் மூன்று சதுர மீட்டர் 70 கிராம்தான். ஒருவருக்கு ஒரு துண்டு, இருவருக்கு இரண்டைத் தண்ணீர் போகும் பக்கம் பார்த்து ஓடு வேய்கிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிப் போடலாம். ஓரிரு தடவையில் முள் குத்தி ஓட்டை விழும். விழுந்தால் அடுத்த துண்டு.

அடுத்து எதை வாங்குவது

அவர்களுக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மேல்துணி தரைக்கு ஒரு சாணுக்குள் இறங்க வேண்டும், நாலு பக்கமும். படத்தில் உள்கூட்டின் நிறம் கீழே எட்டிப் பார்த்தால் அடுத்த படத்துக்குப் போய்விடலாம். கம்பி அலுமினியம். முளை இல்லாமலே உருவம் நிற்கிற வகை, ஏனென்றால் நம் பாறை நிலத்தில் முளை எப்போது ஏமாற்றும் என்று சொல்ல முடியாது. உருவம் தானே நின்றால் கயிற்றைக் கல்லில் கட்டிக்கொள்ளலாம். தையல்களில் டேப் ஒட்டியிருக்க வேண்டும். சிலிக்கான் பூசிய துணியில் டேப் ஒட்டாது என்பதால் அதற்கு நாமே பூச வேண்டிவரும்: ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் நிறமற்ற சிலிக்கான் சீலன்ட்டை மினரல் டர்பன்டைனில் பாயசப் பதத்துக்குக் கரைத்து, பிரஷ்ஷால் தையலின் வெளிப்பக்கம் தடவி ஒரு நாள் காயவிட்டால் போதும். பாலியூரித்தேன் பூசிய துணிக்கு இது பிடிக்காது, அதற்கென்று உள்ள சீலரைத்தான் வாங்க வேண்டும்.

எடையைப் படிக்கும்போது கவனம். 'குறைந்தபட்ச எடை' என்று சிலர் போடுவது உள்கூடு, மேல்துணி, கம்பி மட்டும். முளை, கயிறு, பை எல்லாம் சேர்ந்தது வேறொரு எண். இரண்டுக்கும் இருநூறு, முந்நூறு கிராம் வித்தியாசம் வரலாம். இருவர் டென்ட் எல்லாம் சேர்த்து இரண்டு கிலோவை ஒட்டி இருந்தால் நம் மலைக்கு அது லேசான டென்ட்தான். ஒருவர் கம்பியும் முளையும், மற்றவர் துணி என்று பிரித்துக்கொண்டால் தலைக்கு ஒரு கிலோ. அதற்கும் கீழே போக ஆசைப்படலாம், தப்பில்லை, ஆனால் குறைக்கும் எடையை முளையிலும் கயிற்றிலும் குறைக்கக் கூடாது. மூன்று பட்டை கொண்ட அலுமினிய முளை ஒன்று 14 கிராம். ஆறு மாற்றினால் 48 கிராம் கூடும், அவ்வளவுதான். இரும்பு முளை கொல்லர் பட்டறையில் அடித்துக்கொள்கிறேன் என்றார் ஒருவர். கட்டட வேலைக்காரர்களின் கணக்கு நமக்கும் உதவும்: மி.மீ.யில் விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு இத்தனை கிலோ. 6 மி.மீ. கம்பி மீட்டருக்கு 222 கிராம், கால் மீட்டர் முளை 55 கிராம். ஆறு சேர்ந்தால் 330. பைக்கில் போவதற்குச் சரி, தோளில் வேண்டாம்.

முளை இறங்காத இடத்தில் கயிற்றை ஒரு சின்னக் கல்லிலோ குச்சியிலோ சுற்றிக் கட்டி, அதற்கு டென்ட் பக்கமாகக் கயிற்றின்மேல் பெரிய கல் ஒன்றை வைத்தால், இழுப்பு வர வர சின்னக் கல் பெரிய கல்லில் போய் மாட்டிக்கொள்ளும். வெறுமனே பெரிய கல்லைச் சுற்றிக் கட்டுவதைவிட இது உறுதி. கல்லின் கூர்விளிம்பு கயிற்றை அறுக்காமல் ஒரு துணித்துண்டு வைத்துவிட வேண்டும்.

இடத்தைப் பற்றிப் பெரியவர் சொன்னதற்குமேல் நான் சேர்ப்பது இரண்டு. சில்வர் ஓக் அடியில் போட வேண்டாம், கிளை விழும். இடி வந்தால் டென்ட் எந்தப் பாதுகாப்பும் தராது. வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ போய்விட வேண்டும். அன்றைக்கு அந்தப் பெரியவரின் வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தது. இடி தொடங்கியபோதே நால்வரும் அங்கே போயிருக்க வேண்டியது. புனே வெப்பமண்டல வானிலை நிறுவனத்தின் 'தாமினி' செயலி சுற்றுவட்டாரத்து மின்னலைக் காட்டும், சிக்னல் இருக்கிற மலைகளில் பயன்படும். தளி, அஞ்செட்டி பக்கம் போகிறவர்களுக்கு மழையைவிட யானை முக்கியம். காவிரி வடக்கு சரணாலயத்தை ஒட்டிய ஊர்களில் காட்டோரம் டென்ட் போடுவது எந்தப் பருவத்திலும் வேண்டாம், அனுமதியில்லாமல் காட்டுக்குள் போவது குற்றமும்கூட.

நனைந்த டென்ட்டைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிடுவது நம் வீடுகளில் வழக்கம். பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தில் மெல்லச் சிதைந்து பிசுபிசுத்து, புளித்த வாடை அடிக்கும்; பிறகு பூச்சு உரிந்து வரும். அப்படி ஆனதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. வீடு திரும்பிய அன்றே நிழலில் கொடியில் போட்டு, மடிப்பெல்லாம் காய்ந்த பிறகு தளர்வாக ஒரு பருத்திப் பையில் வைக்க வேண்டும்.

மூன்றாவது டென்ட்டின் தரை மூலையில் ஒரு டேப் மட்டும் ஒட்டிக் கொடுத்தேன். முதல் டென்ட்டுக்காரர்கள் இருவரும் சேர்ந்து அதே வகையில் ஒன்று வாங்கப்போகிறார்கள், தை பிறந்து கூட்டம் குறைந்த பிறகு. 950 கிராம்காரர் மாறவில்லை. முளைகளை மட்டும் மாற்றிக்கொண்டு, கிழிந்த மூலைக்கு ஒட்டுத்துணி போட்டுத் தைத்து வாங்கிப் போனார். "வெயில் மாசத்துக்கு இதுதாண்ணா" என்றார். மாசி, பங்குனிக்கு அது சரிதான். சித்திரையில் கோடை இடி வரும்போது என்ன செய்வார் என்று கேட்டேன், அப்போது மூன்றாவது டென்ட்டில் இடம் கேட்பாராம்.